லிப்ரே ஆபீஸைப் போனுக்குக் கொண்டுவருவது: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் மாடியில் கூடுவோம். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் கணினியில் ஓடும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ஆண்ட்ராய்டு போனிலும் ஒழுங்காக ஓட வேண்டும், அதில் தமிழ் தடங்கலில்லாமல் அடிக்க வர வேண்டும். இதற்குத்தான் வேலை பார்க்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கம்ப்யூட்டரில் ஓடுவது போனில் ஏன் அப்படியே ஓடாது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் எங்களுக்கு மாடியைக் கொடுத்த அண்ணன். கீழே பட்டறைக் கணக்கு அவர்தான் பார்க்கிறார். "ஏன் தம்பி, இதுவும் கம்ப்யூட்டர்தானே, அங்க ஓடுறது இங்கயும் ஓட வேண்டியதுதானே?" என்றார். நியாயமான கேள்வி.

கணினியின் சிப் வேறு வகை, போனின் சிப் வேறு வகை என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அது சின்னப் பிரச்சினை. மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய வரிகள், கையில் இருக்கிறதால் போனில் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்புக்கு ஏற்ற மாதிரி மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது அந்தச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய பிரச்சினை, மென்பொருளை எழுதியவர்கள் எழுதும்போது எதையெல்லாம் நிச்சயம் இருக்கும் என்று நம்பி எழுதினார்கள் என்பது. மவுஸ் இருக்கும். திரை ஒரு முழம் அகலம் இருக்கும். ஃபைலுக்கு ஒரு முகவரி இருக்கும், அதை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். நாம் மூடும் வரை மென்பொருளை யாரும் மூட மாட்டார்கள். போனில் இதில் ஒன்றுகூட நிஜமில்லை. இந்த நம்பிக்கைகள் நிரலில் ஒரே இடத்தில் இருந்தால் மாற்றிவிடலாம். அவை ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

லிப்ரே ஆபீஸ் அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். அதோடு வயதும் ஆனது. இதன் வேர் 1985-இல் ஜெர்மனியில் மார்கோ போரிஸ் என்பவர் தொடங்கிய ஸ்டார் ரைட்டரில் இருக்கிறது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, 2000-இல் மூல நிரலைத் திறந்து விட்டது. அப்படி வந்தது ஓப்பன் ஆபீஸ். சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு, 2010 செப்டம்பரில், அதை வளர்த்து வந்தவர்களில் பலர் பிரிந்து வந்து தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள்.

இத்தனை கை மாறி வந்த நிரல். ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றவே தன்னார்வலர்கள் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அந்த நிரலைத் திறந்து பார்த்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தெரியாது. ஆனால் நமக்கு வேண்டிய மூலையை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டால் வேலை நடக்கும் என்பதை இப்போது தைரியமாகச் சொல்ல முடியும்.

கம்பைல் செய்வதில் என்ன கஷ்டம்?

கணினியில் உட்கார்ந்து போனுக்கான நிரலை உருவாக்குவதற்குக் கிராஸ் கம்பைல் என்று பெயர். லிப்ரே ஆபீஸில் இது இரண்டு சுற்றாக நடக்கும். மென்பொருளின் ஒரு பகுதி நிரலை இன்னொரு சின்னக் கருவி எழுதித் தரும். அந்தக் கருவியும் லிப்ரே ஆபீஸுக்குள்ளேயே இருக்கிறது. அது கணினியில் ஓட வேண்டும், அது எழுதித் தருவதோ போனில் ஓட வேண்டும். ஆகவே அந்தக் கருவிகளை முதலில் கணினிக்காகக் கட்டி, அப்புறம்தான் போனுக்கான வேலையைத் தொடங்க முடியும். அரைப்பதற்கு முன்னால் அம்மி கொத்துவது மாதிரி.

எங்கள் முதல் இரண்டு ஞாயிறும் இதிலேயே போயின. கணினியில் ஏற்கெனவே இருந்த ஒரு நூலகத்தை (மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பு) போனுக்கானது என்று நினைத்து பில்ட் (மென்பொருளைக் கட்டி எடுக்கும் வேலை) எடுத்துக்கொண்டது. கம்பைல் ஆகிவிடும், கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் இடத்தில் பிழை வந்து நின்றுவிடும். பிழைச் செய்தி ஒரு இடத்தைக் காட்டும், தப்பு வேறு இடத்தில் இருக்கும். பாதை அமைப்பில் ஒரே ஒரு வரிதான் தப்பு. எட்டு ஜிபி நினைவகம் உள்ள என் பழைய கணினியில் முதல் பில்ட் ராத்திரி முழுக்க ஓடியது. நடுவில் மின்தடை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், முழுவதும் வீணாகாது. ஏற்கெனவே கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் என்ற கருவியை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நூலகங்கள். கணினியில் லிப்ரே ஆபீஸ் நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி நூலகங்களாகப் பிரிந்திருக்கும், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளும். பழைய ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இத்தனை நூலகங்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பே இருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய நூலகமாகச் சேர்த்துவிடும் வழி வந்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. எந்தெந்தக் கூறு வேண்டும் என்ற பட்டியலை நாமே கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பில்ட் எந்தக் குறையும் சொல்லாது. போனில் ஒரு குறிப்பிட்ட வகை ஃபைலைத் திறக்கும்போது மட்டும் "திறக்க முடியவில்லை" என்று வரும். நாங்கள் ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, ஃபைல்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து ஒரு மதியம் முழுக்க அதையே நோண்டிக்கொண்டிருந்தோம்.

திரையைச் சின்னதாக்கினால் போதாதா?

போதாது. விரலால் தொடும் பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்லும் அளவு. லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க்கில் மேலே இருக்கும் பொத்தான் வரிசைகளை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் கணக்கு எழுத இடமே இருக்காது. மவுஸை மேலே கொண்டுபோனால் விளக்கம் வருவது, வலது பொத்தான் அமுக்கினால் பட்டியல் வருவது, இதெல்லாம் விரலுக்குக் கிடையாது.

அதனால் லிப்ரே ஆபீஸ் எடுத்த வழி, உள்ளிருக்கும் எஞ்சினைத் தனியாகப் பிரிப்பது. அதற்கு லிப்ரே ஆபீஸ் கிட் என்று பெயர். ஆவணத்தைத் திறப்பது, கணக்குப் போடுவது, பக்கம் பிரிப்பது எல்லாம் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். அது ஆவணத்தைச் சின்னச் சின்னச் சதுரப் படங்களாக வரைந்து கொடுக்கும். 256-க்கு 256 புள்ளி அளவுள்ள ஓடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் இடைமுகம், அதாவது நாம் பார்த்துத் தொடும் பகுதி, அந்த ஓடுகளைத் திரையில் பதித்துக்கொண்டே போகும். விரலால் தள்ளும்போது கீழே வரப்போகும் ஓடுகளை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். வரைபடச் செயலிகளில் ஊரைத் தள்ளிப் பார்க்கும்போது கட்டம் கட்டமாக நிரம்புமே, அதே முறைதான்.

எனக்கு இந்த முடிவில் மிகுந்த மரியாதை உண்டு. இருபது முப்பது வருட உழைப்பு எஞ்சினுக்குள் இருக்கிறது. அதைக் கலைக்காமல், கையால் தொடுகிற பகுதியை மட்டும் புதிதாகச் செய்தார்கள்.

அப்படியானால் ஏற்கெனவே போனில் இருக்கிறதே? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இருக்கிறது. 2015-இல் ஆண்ட்ராய்டுக்கு லிப்ரே ஆபீஸ் வியூவர் வந்தது; பெரும்பாலும் பார்ப்பதற்கு, கொஞ்சம் திருத்துவதற்கு. 2020-இல் கொலாபரா நிறுவனம் கொலாபரா ஆபீஸ் என்ற பெயரில் திருத்தும் வசதியோடு போனுக்குக் கொண்டுவந்தது. இணையத்தில் ஓடும் தங்கள் ஆபீஸின் இடைமுகத்தையே, எஞ்சினோடு சேர்த்துப் போனுக்குள் வைத்தார்கள். பெரிய வேலை அது. நாங்கள் அதன் மேல் நின்றுதான் பார்க்கிறோம். எங்கள் அக்கறை தமிழில் அடிப்பது.

தமிழ் அடிப்பதில் அப்படி என்ன சிக்கல்?

இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

கணினியில் ஒரு விசையை அமுக்கினால் ஒரு எழுத்து போகும். போன் கீபோர்டு அப்படி அனுப்பாது. நீங்கள் ஒலிப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்து விசைகளைக் கொண்டு, "கொலுசு" என்று அடிக்க ஆரம்பிக்கும்போது முதலில் "க்" என்று ஒரு தற்காலிகத் துண்டை அனுப்பும். அடுத்த விசையில் "அதை எடுத்துவிட்டு 'கொ' வை" என்று சொல்லும். அடுத்து "அதையும் எடுத்துவிட்டு 'கொல்' வை", அப்புறம் "கொலு". சொல் முடியும் வரை இப்படி மாற்றிக்கொண்டே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளும் எழுத்துப்பெட்டியை ஆண்ட்ராய்டு தருகிறது. ஆனால் நம் ஆவணம் அந்தப் பெட்டிக்குள் இல்லை, எஞ்சினுக்குள் இருக்கிறது. திரையில் தெரிவது வெறும் படம். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துப்பெட்டியை வைத்து, அதில் நடப்பதை எஞ்சினுக்குக் கடத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு அடி பிசகினால் போதும், "எடுத்துவிட்டு வை" என்பது வெறும் "வை" ஆகிவிடும்.

எங்கள் சோதனை பில்ட் ஒன்றில் அண்ணன் கொலுசு என்று அடிக்கப் போனார். நாலு விசைக்குள் கட்டத்தில் வந்து நின்றது இது: க்கொகொல்கொலு. ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்தபோது இந்தப் பிழை கண்ணில் படவே இல்லை. தமிழில் அடித்ததும் முதல் சொல்லிலேயே வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் அடிக்கிறவர் ஒருவர் அந்தப் போனைக் கையில் எடுத்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் அழிப்பது. "கொ" நமக்கு ஒரு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் க ஒரு குறி, ஒகரக் குறி இன்னொன்று. ஒகரக் குறியையே சில கருவிகள் ஒரே குறியாக எழுதும், சில கருவிகள் முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்து எழுதும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், பார்வைக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருமுறை அழிக்கும்போது ஒன்றில் "க" மிஞ்சும், மற்றதில் "கெ" மிஞ்சும். எத்தனை குறி அழிந்தது என்பதில் கீபோர்டும் எஞ்சினும் வேறு வேறு கணக்கு வைத்திருந்தால், அடுத்து அடிக்கும் எழுத்து தப்பான இடத்தில் போய் உட்காரும்.

தேடும்போதும் இதே கதைதான். இரண்டு கருவிகளில் அடித்த "கொலுசு" ஒரே பட்டியலில் கலந்து கிடந்தால், குறிகளை அப்படியே ஒப்பிடும் தேடல் பாதியைத்தான் கண்டுபிடிக்கும். ஔகாரம் இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் "ள" எழுத்தும் போட்டு எழுதியவை ஏராளம். அங்கே யூனிகோடு விதியும் கைகொடுக்காது, ஏனென்றால் அது நிஜமாகவே வேறு எழுத்து.

பழைய தமிழ் ஃபைலைத் திறந்தால் புரியாத எழுத்தாக வருகிறதே?

அது பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக்களின் குறிகள். அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். போனில் அது இல்லை. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதுதான் நிரந்தர வழி.

யூனிகோடில் லதா எழுத்துரு போட்டு அடித்த ஃபைல் படிக்க வரும். ஆனால் லதா விண்டோஸோடு வருவது, போனில் கிடையாது. அதற்குப் பதில் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரி உடையும் இடம் மாறும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்தோடு போய் நிற்கும். கடிதத்தை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

நடுவில் போன் கால் வந்தால் எழுதியது போய்விடுமா?

கால் வந்தால் மட்டுமல்ல, நீங்கள் வேறு செயலிக்குப் போனாலே இந்தப் பிரச்சினை தொடங்கிவிடும். நினைவகம் போதவில்லை என்றால் பின்னால் இருக்கும் செயலியை ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். கேட்காது. கணினி மென்பொருளில் "சேமிக்கவா?" என்று கேட்கும் பெட்டி ஒன்று வருமே, அதற்கு இங்கே நேரமே கிடையாது. ஆகவே திரையை விட்டு விலகும் அந்தக் கணமே சேமித்துவிட வேண்டும். இரண்டு மூன்று ஜிபி நினைவகம் உள்ள போன்கள்தான் எங்கள் பட்டறையில் அதிகம். அவற்றில் சோதிக்காத எந்த பில்டையும் நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஃபைலைத் திறக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை. ஏன்?

செய்தியில் உங்களுக்கு வந்த ஃபைலை அங்கிருந்தே திறந்திருப்பீர்கள். அப்போது கிடைப்பது படிக்கும் உரிமை மட்டும். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு ஒரு செயலி நினைத்த ஃபோல்டரில் நினைத்தபடி எழுத முடியாது. நீங்கள் கைகாட்டி அனுமதித்த இடத்தில்தான் எழுதலாம். முதலில் ஃபைலைப் போனில் இறக்கி வைத்து, பிறகு திறந்து திருத்துங்கள்.

கணினியில் இருக்கும் எல்லா வசதியும் வருமா?

வராது. தரவுத்தளத்துக்கான பேஸ், ஜாவாவை நம்பி இருக்கும் பகுதிகள் போன்றவை விடப்படும். இது குறை என்று நான் நினைக்கவில்லை. அண்ணனின் கணக்கில் இருப்பது நாலே கட்டம்: கொடுத்த வெள்ளியின் எடை, திரும்பி வந்த கொலுசின் எடை, சேதாரம், கூலி. வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்கள் எடை போட்டு வாங்கும் அந்த இடத்திலேயே எண்ணை ஏற்றிவிட வேண்டும், சூத்திரம் உடையக் கூடாது. அவருக்குத் தேவை அவ்வளவுதான்.

ஐபோனுக்கு?

கொலாபரா ஐபோனுக்கும் கொண்டுவந்திருக்கிறது. எங்களிடம் ஆப்பிள் கணினி இல்லாததால் நாங்கள் தொடவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒரு மென்பொருளைப் போர்ட் செய்ய, அதாவது வேறு வகைக் கருவிக்குக் கொண்டுவர, தொடங்கும் முன் அதன் உரிமத்தைப் படியுங்கள். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இருந்த, வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயர், ஆப் ஸ்டோர் நிபந்தனைகள் அந்த உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதை எழுதியவர்களில் ஒருவரே முறையிட்டதால், 2011 ஜனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டது. பங்களித்தவர்களை எல்லாம் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கி உரிமத்தை மாற்றிய பிறகு, 2013 ஜூலையில்தான் திரும்ப வந்தது. லிப்ரே ஆபீஸ் மோசில்லாவின் பொது உரிமத்தின் கீழ் இருப்பதால் அந்தச் சங்கடம் இல்லை.

வேறு மென்பொருள் ஏதாவது இப்படி நன்றாக வந்திருக்கிறதா?

கிருட்டா என்ற ஓவிய மென்பொருள் 2020-இல் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்கு ஏறக்குறைய முழு இடைமுகத்தோடு வந்தது. பேனாவும் பெரிய திரையும் இருப்பதால் அங்கே அது பொருந்துகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கியூஃபீல்டு. நில வரைபடங்களுக்கான கியூஜிஐஎஸ் என்ற பெரிய மென்பொருளை முதலில் அப்படியே ஆண்ட்ராய்டில் ஓட வைத்துப் பார்த்தார்கள். ஓடியது, ஆனால் விரலால் பயன்படுத்த முடியவில்லை. பிறகு எஞ்சினை வைத்துக்கொண்டு, வெளியில் நின்று வேலை செய்கிறவருக்காக இடைமுகத்தைப் புதிதாக எழுதினார்கள். வீட்டில் கணினியில் வரைபடத்தைத் தயார் செய்து, போனில் ஏற்றி, போன இடத்தில் விவரம் சேர்த்து, திரும்பி வந்து கணினியோடு இணைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர் பக்கம் உள்ளே போனால் சிக்னல் கிடையாது. தோட்டத்து மேஸ்திரி அக்கா சில்வர் ஓக் மரத்தடியில் நின்று, மிளகுக் கொடி பட்டுப்போன மரங்களை ஒவ்வொன்றாகப் போனில் குறித்துக்கொண்டே போனார். மூன்று பொத்தான்தான் அவர் தொட்டார். பனி இறங்கித் திரை ஈரமாகும்போது முந்தானையால் துடைத்துக்கொண்டார். கீழே கணினியில் இருக்கும் அதே எஞ்சின்தான் அவர் கையிலும் ஓடியது. அதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மலை இறங்கும்போதுதான் கால்க்குக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உறுதியானது.

இணையத்தில் இலவசமாக எழுதும் சேவைகள் இருக்கும்போது இது எதற்கு?

சிக்னல் இல்லாத இடத்தில் அவற்றைச் சார்ந்திருப்பது கஷ்டம். அதோடு, யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம் என்பது பட்டறையின் உயிர்நாடி; அது தன் போனிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமானது. நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் கணக்கு நம் கையில் இருக்கும்.

ஒருமுறை போர்ட் செய்தால் முடிந்ததா?

முடியாது. 2019 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோர் 64 பிட் வடிவம் கட்டாயம் என்றது. நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் (பக்கம் என்பார்கள்) அளவு 16 கேபி உள்ள போன்களிலும் ஓட வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்தது. ஒவ்வொரு முறையும் நம் நிரலை மட்டுமல்ல, அதோடு சேர்ந்த எல்லா நூலகங்களையும் மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் நாங்கள் செய்யும் திருத்தங்களை எங்களிடமே வைத்துக்கொள்ளாமல் மூலத் திட்டத்துக்கு அனுப்புகிறோம். தனியாக வைத்திருந்தால் ஆறு மாதத்தில் ஒட்டாமல் போய்விடும்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. சேரலாமா?

தாராளமாக. எங்களுக்கு இப்போது அதிகம் தேவைப்படுவதே உங்களைப் போன்றவர்கள்தான். நிரல் தெரிந்தவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் திட்டத்தில் ஈஸி ஹேக்ஸ் என்று புதியவர்களுக்கான வேலைகளின் பட்டியலே இருக்கிறது. மற்றவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் போனில், நீங்கள் வழக்கமாக அடிக்கும் கீபோர்டில், கொலாபரா ஆபீஸைத் திறந்து பத்து வரி தமிழ் அடியுங்கள். நடுவில் அழியுங்கள், ஒரு சொல்லின் நடுவே விரலை வைத்துத் திருத்துங்கள், வேறு செயலிக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். எங்கே பிசகுகிறதோ அந்த இடத்தைத் திரைப்பதிவாக எடுங்கள். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, கீபோர்டின் பெயர், அடித்த சொல், வந்த சொல், இந்த ஐந்தும் வேண்டும். "தமிழ் சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதினால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது, திட்டத்தில் இருப்பவர்களாலும் முடியாது.

பழைய போன் ஒன்று இருக்கிறது. கொடுக்கலாமா?

கொடுங்கள். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, தொடுதிரை வேலை செய்தால் போதும். நினைவகம் குறைவான போன் என்றால் எங்களுக்கு இன்னும் நல்லது. உங்கள் படங்களையும் கணக்குகளையும் அழித்துவிட்டு, சார்ஜரோடு கொண்டுவாருங்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் மாடியில்தான் இருப்போம்.